படுக்கைகளைக் கூட்டினால் போதுமா? வட சென்னை மருத்துவமனைகளை முன்வைத்து ஒரு விடை

தண்டையார்பேட்டையில் வசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்த கேள்வியின் சாரம் இது: பித்தப்பைக் கல்லைச் சிறு துளைகள் வழியாக எடுத்துவிட்டு ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், கண்புரைக்கு அறுவை செய்துகொண்டவர் அன்று மாலையே வீடு திரும்புகிறார். மருத்துவம் இவ்வளவு வேகமாகிவிட்ட பிறகும் அரசு மருத்துவமனை வார்டுகளில் ஏன் இடம் கிடைப்பதில்லை? சில நாட்களில் ஏன் தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டியிருக்கிறது? இன்னும் ஆயிரம் படுக்கைகள் கட்டினால் இது தீர்ந்துவிடுமா? சமூக மருத்துவத்தைக் கற்பிப்பவன் என்ற முறையில், இந்தப் பகுதியின் நிலவரத்தை வைத்தே இதற்கு விடை சொல்ல முயல்கிறேன்.

படுக்கைகள் தேவைதான், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மருத்துவமனையால் எத்தனை பேருக்கு மருத்துவம் செய்ய முடியும் என்பதைப் படுக்கைகளின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு நோயாளியும் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார், அந்த நாட்களில் எத்தனை சிகிச்சைக்காகவும் எத்தனை வெறும் காத்திருப்பிலும் கழிகின்றன, வார்டுக்கே வரத் தேவையில்லாத எத்தனை பேர் வேறு வழியின்றி வந்து சேர்கிறார்கள் என்பவையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

1961ஆம் ஆண்டு ஜான் லிட்டில் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் நிறுவிய எளிய விதி ஒன்று இங்கே துணைக்கு வரும். ஒரு நாளைக்குச் சேரும் நோயாளிகளின் சராசரி எண்ணிக்கையை, ஒருவர் தங்கும் சராசரி நாட்களால் பெருக்கினால், எந்த நேரத்திலும் உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை கிடைத்துவிடும். நாளொன்றுக்கு 30 பேர் சேர்ந்து, ஒருவர் ஆறு நாள் தங்கினால் 180 படுக்கைகள் வேண்டும். அதே 30 பேர் ஐந்து நாள் தங்கினால் 150 போதும். ஒரு செங்கல்லும் வைக்காமல், ஒருவரையும் திருப்பி அனுப்பாமல், 30 படுக்கைகள் கிடைத்துவிடுகின்றன. அந்த ஆறாவது நாளில் நோயாளிக்கு உண்மையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதுதான் நிர்வாகம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி.

எடுத்துக்காட்டாக, வியாசர்பாடியிலிருந்து காலில் சர்க்கரைப் புண்ணோடு வரும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை கேஷுவாலிட்டிக்கு வருகிறார், இரவு வார்டில் சேர்க்கப்படுகிறார். ஊசி மருந்தும் குளுக்கோஸ் பாட்டிலும் உடனே தொடங்கிவிடும். ஆனால் காலின் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்குத் திங்கட்கிழமைதான் நேரம் கிடைக்கும். இதயத்துக்கு எக்கோ எடுத்து, மயக்க மருத்துவர் பார்த்து, அறுவைக்குத் தகுதியானவர் என்று கையெழுத்திடப் புதன்கிழமை ஆகிவிடும். அவரைச் சேர்த்த யூனிட்டின், அதாவது மருத்துவர் குழுவின், ஆபரேஷன் நாள் செவ்வாயாக இருந்தால், அது ஏற்கெனவே கடந்துபோயிருக்கும். புண்ணைச் சுத்தம் செய்த பிறகு, தினமும் கட்டு மாற்றுவதைத் தவிர வேறு எதுவும் தேவைப்படாத நிலையிலும் பல நாட்கள் அவர் அங்கேயே இருப்பார். ஏனென்றால் வீட்டருகே கட்டு மாற்ற ஆள் கிடைப்பாரா என்ற உறுதி அவருக்கும் இல்லை, மருத்துவருக்கும் இல்லை. மருத்துவரின் கை அவர் உடலில் பட்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சில மணி நேரம்கூட வராது. படுக்கையோ வாரக்கணக்கில் அவருடையதாக இருந்திருக்கும். இதில் எவரும் சோம்பியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டியூட்டி டாக்டரும் செவிலியரும் ஸ்ட்ரெச்சர் தள்ளும் பணியாளரும் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது, அதற்கு முன்னால் இருக்கும் சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் கூடுதல் வண்டிகள் வந்து நிற்குமே தவிர, ஒரு வண்டியும் முன்னதாகக் கடக்காது. ஸ்கேன் அறையோ, மயக்க மருத்துவரோ, ஆபரேஷன் தியேட்டரின் நேரமோ நெருக்கடியாக இருக்கும் இடத்தில் படுக்கைகளை மட்டும் கூட்டினாலும் அதுவே நடக்கும். மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினோரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த நெருக்கடியைத் தியேட்டருக்குள்ளேயே அடையாளம் கண்டது. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயாராக வைத்திருப்பார்கள். ஒன்றை முடித்த மருத்துவர் திரும்பி அடுத்ததைத் தொடங்குவார். மிக அரிதான வளம் அறுவை மருத்துவரின் நேரம் என்று கண்டு, மற்ற அனைத்தையும் அதைச் சுற்றியே அமைத்தார்கள். கண்புரை ஒரே வகையான, முன்கூட்டியே திட்டமிடக்கூடிய அறுவை என்பதால் அங்கே அது முழுமையாகக் கைகூடியது. இரவு இரண்டு மணிக்கு மணலிச் சாலையில் லாரி மோதியவரை ஏற்றுக்கொள்ள வேண்டிய பொது மருத்துவமனையில் அதை அப்படியே பின்பற்ற முடியாது. ஆயினும், நெருக்கடி எங்கே இருக்கிறதென்று முதலில் தேடும் பழக்கத்தை எந்த மருத்துவமனையும் கைக்கொள்ளலாம்.

அடுத்து, பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். படுக்கைகள் நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தால் மருத்துவமனை திறமையாக நடக்கிறது என்று தணிக்கையாளர்களும் சில வேளைகளில் அமைச்சர்களும்கூடக் கருதுகிறார்கள். நோயாளிகள் சீரான இடைவெளியில், முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் மட்டுமே அது சரியாக இருக்கும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்ற பொறியாளர் 1909இலேயே காட்டத் தொடங்கியது போல, வரவு ஏறியும் இறங்கியும் இருக்கும்போது, நிரம்பல் கூடக் கூடக் காத்திருப்பு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை, செங்குத்தாக ஏறுகிறது. ஒரே ஒரு சேவையிடம் மட்டும் இருக்கும் மிக எளிய வரிசையை எடுத்துக்கொண்டால், 80 விழுக்காடு நிரம்பியிருக்கும்போது சராசரிக் காத்திருப்பு ஒருவரைக் கவனிக்கும் நேரத்தைப் போல நான்கு மடங்கு. 90 விழுக்காட்டில் ஒன்பது மடங்கு. 95இல் பத்தொன்பது மடங்கு. நூற்றுக்கணக்கான படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் இந்த ஏற்றம் சற்றுத் தணிவாக இருக்கும் என்றாலும் அதன் வடிவம் மாறாது. 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஒரு மாதிரிக் கணக்கீட்டு ஆய்வு, சராசரி நிரம்பல் 85 விழுக்காட்டைத் தாண்டும்போதே அவசர நோயாளிக்குப் படுக்கை கிடைக்காமல் போகும் அபாயம் தென்படத் தொடங்குகிறது என்றும், 90ஐத் தாண்டினால் படுக்கை நெருக்கடி அடிக்கடி ஏற்படும் என்றும் காட்டியது.

வட சென்னைக்கு இது ஏட்டளவிலான கணக்கன்று. 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறலோடும் கண்ணெரிச்சலோடும் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அனல்மின் நிலையங்களும், சுத்திகரிப்பு ஆலையும், துறைமுகமும், கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் விரைவுச் சாலையும் நெருக்கமான குடியிருப்புகளை ஒட்டியே அமைந்துள்ள இந்தப் பகுதியில், அப்படி ஓர் இரவு மீண்டும் வரலாம் என்பதை மனத்தில் வைத்துத்தான் திட்டமிட வேண்டும். 2020இல் கொரோனா பரவிய தொடக்க மாதங்களில் நகரத்திலேயே கடுமையாகப் பாதிக்கப்பட்ட மண்டலங்களுள் ராயபுரமும் ஒன்று. சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலியாகக் கிடக்கும் பத்துப் படுக்கைகளை வீண் செலவு என்று எழுதும் கணக்கு, அத்தகைய இரவுகளைக் கணக்கில் கொள்ளாத கணக்கு.

பாய் விரிப்பதற்கு இன்னொரு காரணம் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. நம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொது மருத்துவமும் பொது அறுவையும் பல யூனிட்டுகளாகப் பிரிந்து இயங்குகின்றன. ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனிப் படுக்கைகளும், வாரத்தில் குறிப்பிட்ட அட்மிஷன் நாளும் உண்டு. அட்மிஷன் நாளில் அந்த யூனிட்டின் வார்டு வழிந்தோடும். அதே நேரத்தில் இரண்டு நாட்களுக்கு முன் அட்மிஷன் முடித்த யூனிட்டில் சில படுக்கைகள் காலியாகக்கூட இருக்கலாம். பயிற்சி மருத்துவர்களுக்குக் கற்பிக்கவும், ஒரு நோயாளிக்கு ஒரே மருத்துவர் குழு தொடர்ந்து பொறுப்பேற்கவும் யூனிட் முறை நல்லது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்த படுக்கைகளைவிட, ஒன்றாகச் சேர்த்து வைத்த அதே எண்ணிக்கை ஏற்ற இறக்கத்தை நன்றாகத் தாங்கும் என்பது கணிதம் ஐயமின்றிச் சொல்லும் முடிவு. மருத்துவப் பொறுப்பு யூனிட்டிடமே இருக்கட்டும், படுக்கை மட்டும் பொதுவாக இருக்கட்டும் என்பது என் கருத்து. இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. ரவுண்ட்ஸ் போகும்போது நான்கு வார்டுகளுக்கு நடக்க மூத்த மருத்துவர்கள் இசைய வேண்டும், அவ்வளவுதான். மதியம் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு டிஸ்சார்ஜ் சீட்டு எழுதத் தொடங்கி மாலையில் படுக்கையைக் காலி செய்யும் வழக்கத்தைக் காலையிலேயே முடிக்கும்படி மாற்றுவதும் இத்தகையதே.

மருத்துவம் வேகமானால் கூட்டம் குறையும் என்ற எதிர்பார்ப்பு ஏன் பொய்க்கிறது என்பதற்கும் விடை சொல்ல வேண்டும். அறுவை எளிதாகும்போது, முன்பு அறுவைக்கே உட்படுத்தத் தயங்கிய எழுபது, எண்பது வயதினருக்கும் அது சாத்தியமாகிறது. முன்பு மாரடைப்பில் இறந்திருக்கக்கூடியவர் இன்று பிழைத்துப் பல ஆண்டுகள் மருந்தும் பரிசோதனையுமாக வாழ்கிறார். டயாலிசிஸை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று முறை என்பது பொதுவான அளவு. ஓர் இயந்திரம் நாளுக்கு மூன்று ஷிப்ட் வீதம் வாரத்தில் ஆறு நாள் ஓடினால் பதினெட்டு முறை. அது ஆறு பேருக்குத்தான் போதும். அந்த ஆறு பேரும் நன்றாக வாழ்ந்தால், ஏழாவது ஆளுக்கு அந்த இயந்திரத்தில் பல ஆண்டுகளுக்கு இடமிருக்காது. நெருக்கடியில் வாரத்துக்கு இரண்டு முறையாகக் குறைத்து ஒன்பது பேருக்குப் பகிர்ந்தால் ஏட்டில் திறன் கூடியது போலத் தெரியும். உண்மையில் ஒவ்வொருவருக்கும் மருத்துவம் குறைந்திருக்கும். தேவையை ஊற்றிலேயே குறைப்பதென்றால், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு முன் கண்டறிந்து கட்டுக்குள் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோவதன் பொருள் இதுதான். அதன் பலன் சில ஆண்டுகள் கழித்து டயாலிசிஸ் அறையிலும் கால் புண் வார்டிலும் தெரிய வேண்டும்.

படுக்கையே தேவையில்லாமல் போகும் மாற்றத்துக்கு உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று இதே சென்னையில் நடந்திருக்கிறது. காசநோய்க்கு மருந்து வந்த பிறகும், நோயாளி சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்து, நல்ல உணவும் ஓய்வும் பெற்றால்தான் குணமாகும் என்றும், அவர் வீட்டிலிருந்தால் குடும்பத்தாருக்கு நோய் பரவிவிடும் என்றும் 1950களில் மருத்துவ உலகம் நம்பியது. நாட்டிலிருந்த காசநோயாளிகள் அனைவருக்கும் சானடோரியம் கட்டுவதென்பது நடவாத காரியம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் நிறுவிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சானடோரியத்திலும் மறு குழுவுக்கு வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. 1959இல் வெளியான முடிவு, வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்பதுதான். நெரிசலான வீடு, போதாத உணவு, சிலருக்கு இடைவிடாத வேலை ஆகிய அனைத்தும் இருந்தும் இப்படி நடந்தது. வீட்டாருக்கு நோய் பரவும் அபாயமும் அதனால் கூடவில்லை. உலக நாடுகள் பலவும் சானடோரியங்களை மூடி வெளிநோயாளி முறைக்கு மாறியதற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம். இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையத்தின் தொடர்ச்சிதான்.

ஆனால் அந்த ஆய்வைச் சொல்லும்போது பலர் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களை மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு மறந்துவிடவில்லை. சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்கு நேரில் போனார்கள், சொல்லாமல் போய் மாத்திரை இருப்பை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உண்மையில் உட்கொள்ளப்படுகிறதா என்று பார்த்தார்கள். படுக்கைக்கான செலவு நீங்கியது, கவனிப்பு நீங்கவில்லை. இன்று சீக்கிரம் டிஸ்சார்ஜ் செய்வதைத் திறமை என்று கொண்டாடும்போது இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம் என்று அஞ்சுகிறேன். ஒற்றை அறை வீட்டில், பொதுக் கழிப்பறையைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்தில், அறுவை முடிந்த மூன்றாம் நாள் வந்து சேரும் நோயாளியைப் பார்த்துக்கொள்வது யார்? பெரும்பாலும் மனைவியோ மகளோதான். அவர் வீட்டுவேலைக்கோ மீன் விற்கவோ போகாமல் இழக்கும் கூலி எந்த மருத்துவமனையின் கணக்கிலும் ஏறுவதில்லை. தையல் பிரித்துச் சீழ் வைத்து அதே நோயாளி திரும்பி வந்தால், அது புதிய அட்மிஷனாகப் பதிவாகிறது. தங்கிய சராசரி நாட்கள் குறைந்ததாகவும், அதிகம் பேருக்குச் சிகிச்சை அளித்ததாகவும் புள்ளிவிவரம் அழகாகவே இருக்கும்.

வெளிநாட்டு எண்களை எடுத்துக்காட்டுவோருக்காக ஒரு சொல். ஆயிரம் பேருக்கு ஜப்பானில் ஏறத்தாழ பன்னிரண்டு, பதின்மூன்று படுக்கைகள். ஜெர்மனியில் எட்டுக்குச் சற்றுக் குறைவு. ஸ்வீடனில் இரண்டு அளவில்தான். ஆனாலும் சராசரி ஆயுளில் ஸ்வீடன் ஜெர்மனியை முந்தியே நிற்கிறது. அதனால் படுக்கைகள் வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறு. இங்கிலாந்து முப்பது ஆண்டுகளுக்குள் தன் மருத்துவமனைப் படுக்கைகளைப் பாதிக்கும் கீழே குறைத்தது. வீட்டுப் பராமரிப்பும் முதியோர் பராமரிப்பும் அதே வேகத்தில் வளராததால், ஒவ்வொரு குளிர்காலத்திலும் நோயாளிகள் தாழ்வாரங்களில் ஸ்ட்ரெச்சரில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் நிலை வந்தது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை ஆயிரம் பேருக்கு இரண்டு படுக்கைகளை இலக்காக வைத்தது. அந்த இலக்கே நமக்கு இன்னும் தொலைவில் இருக்கும்போது, திறமையின் பெயரால் கட்டுமானத்தைத் தள்ளிப்போடும் வாதத்தை நான் ஏற்க மாட்டேன்.

வட சென்னைக்கு வருவோம். 1782இல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்தும், 1799இல் அதையொட்டி எழுந்த கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியிலிருந்தும் வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனை. ஆதரவற்றவருக்கு உணவும் இடமும் மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் என்ற அந்தத் தோற்றம், எளிய மக்கள் எதற்கும் நேராக அங்கேயே போகும் நம்பிக்கையாக இன்றும் தொடர்கிறது. இயந்திரத்தில் கை சிக்கிய தொழிலாளிக்கு விரலைச் சீரமைக்கும் ஸ்டான்லியின் கை அறுவைத் துறை போன்ற சிறப்புத் துறைகள் வேறெங்கும் எளிதில் கிடைக்காதவை. ஆகவே, வேறெங்கும் கிடைக்கக்கூடிய மருத்துவத்துக்காக அந்த வளாகத்தின் படுக்கையும் தியேட்டர் நேரமும் செலவாவதைக் குறைப்பதுதான் முதல் தேவை. ஐம்பதாயிரம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அமைய வேண்டிய நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், கூலி வேலை முடிந்து வருவோருக்கு மாலையிலும் திறந்திருந்து, புண்ணுக்குக் கட்டு மாற்றி, சர்க்கரை பார்த்து, முந்தைய டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துத் தொடர் சிகிச்சை தந்தால், நான் மேலே சொன்ன வியாசர்பாடிக்காரர் இரண்டாவது வாரம் வார்டில் இருக்க வேண்டியதில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு உடற்பயிற்சி மட்டும் தேவைப்படுபவர், எலும்பு சேரக் காத்திருப்பவர் போன்றோரைத் தண்டையார்பேட்டை அரசு புறநகர் மருத்துவமனை போன்ற இடைநிலை மருத்துவமனைகளுக்கு, வண்டியும் கேஸ் ஷீட்டும் கொடுத்து, பெரிய மருத்துவமனையின் பொறுப்பிலேயே மாற்ற வேண்டும். அப்படி மாற்றப்படுவதை வெளியேற்றமாக நோயாளி உணராதபடி, அவரைப் பார்த்த அதே யூனிட்டின் மருத்துவர் வாரம் ஒரு முறையாவது அங்கே போய்ப் பார்ப்பது அவசியம்.

கொளத்தூரில் பெரியார் அரசு மருத்துவமனை 2025இல் திறக்கப்பட்டது இந்தச் சுமையைப் பகிர்வதற்கு நல்ல வாய்ப்பு. அது எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை அறிய விரும்பினால், உங்கள் மாமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் படுக்கைகளின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல், வேறு சிலவற்றையும் கேளுங்கள்: அட்மிஷன் என்று முடிவான பிறகு ஒருவர் படுக்கைக்கு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகிறது, முன்கூட்டியே தேதி கொடுத்த அறுவைகளில் எத்தனை தள்ளிப்போகின்றன, என்ன காரணத்தால், டிஸ்சார்ஜ் ஆனவர்களில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் அதே நோய்க்காகத் திரும்பி வருகிறார்கள், ஸ்கேன் இயந்திரம் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஓடுகிறதா, ஓட்டுவதற்கு ஆள் நியமித்திருக்கிறார்களா. இவை எல்லாம் மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து எடுக்கக்கூடியவை; தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம்.